சித்தப்பா காட்டிய பதினான்கு மாடி

ஜூன் 3, செவ்வாய்

தினமும் ஆங்கிலத்தில் டைரி எழுதினால் நாக்கு தானாகத் திரும்பும் என்று ஆங்கில வகுப்பு ஞானப்பிரகாசம் சார் சொன்னார். நேற்று எழுதிப் பார்த்தேன். ‘டுடே ஐ வோக் அப் அட் ஃபைவ்.’ அதற்குமேல் என் வாழ்க்கையில் எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிட்டது. தமிழில் யோசித்தால் ஆயிரம் நடக்கிறது. ஆகவே தமிழில்தான் எழுதப்போகிறேன். சாருக்குக் காட்டப்போவதில்லை.

முதல் பக்கத்தில் ‘இன்ட்ரோட்யூஸ் யுவர்செல்ஃப்’ இருக்க வேண்டும் என்றார். அதை மட்டும் செய்துவிடுகிறேன். பெயர் இலக்கியா. பட்டுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணமாகி ஒன்பது மாதம். கணவர் அறிவழகன், கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மாமியார் வீட்டில். மாமனார் படத்தில்.

இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஒரு மருத்துவமனை என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கு ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும் என்பது ஒன்றே பாக்கி. மற்றதிலெல்லாம் தேறிவிடுகிறேன். பேச்சில் இரண்டு தடவையும் ஆறரை. வருகிற 28 மூன்றாவது தடவை, அதுவே கடைசி. ஜூலை பத்துக்குள் மதிப்பெண் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ.

போனால் இரண்டு வருடம். கணவரும் கூடப் போக வழி இருக்கிறது. ஆனால் கடையை யார் பார்ப்பது, கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்காரரிடமா விடுவது என்று ஒரே பேச்சில் அத்தை அதை முடித்துவிட்டார். நான் அங்கே, இவர் இங்கே. என் சம்பளத்தில் வீட்டுக்கு மாடி கட்டுவது என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு. மொட்டைமாடியில் தூண்கம்பிகள் நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கின்றன. பெண் பார்க்க வந்த அன்று எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். இவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “பரீட்சை எப்பங்க?” அப்போதே தெரிந்துவிட்டது, இவர்கள் பெண் தேடி வரவில்லை, மேஸ்திரி தேடி வந்திருக்கிறார்கள் என்று.

ஜூன் 5, வியாழன்

வகுப்பு ஒரு பேக்கரியின் மாடியில். பப்ஸ் வேகும் வாசனையில்தான் எங்களுக்கு ஆங்கிலம் ஏறுகிறது. இன்று சார் ஒரே பூரிப்பில் இருந்தார். இந்தச் சுற்றில் பேச்சுத் தேர்வுக்கு ஒரு கேள்வி அட்டை எல்லா ஊரிலும் வந்துகொண்டிருக்கிறதாம். ‘உங்களுக்குப் பிடித்த அல்லது பிடிக்காத ஓர் உயரமான கட்டடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.’ அட்டையைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள். பிறகு இரண்டு நிமிடம் நிற்காமல் பேச வேண்டும்.

பக்கத்து இருக்கை பர்வீன் கை தூக்கினாள். அதிராம்பட்டினத்துக்காரி, அவளும் நர்ஸ். “சார், நம்ம ஊருல ஒசரமானதுன்னா வாட்டர் டேங்குதான்.”

டேங்க் கட்டடத்தில் சேராது என்றார் சார். செல்போன் கோபுரமும் சேராதாம். ஐந்து மாடி ஜவுளிக்கடையைச் சொன்னோம். “அதுல என்னம்மா சொல்லுவீங்க? மூணாவது மாடி சுடிதார், நாலாவது மாடி பேன்ட் பிட்டுன்னா?” தஞ்சாவூர்ப் பெரிய கோயில்? மாவட்டமே அதைத்தான் சொல்கிறதாம், கேட்பவருக்குச் சலித்துப்போயிருக்குமாம்.

அதனால் சாரே ஒரு பதில் எழுதிக் கொடுத்தார். சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம். பத்து வயதில் என் ‘அங்கிள்’ என்னை அங்கே அழைத்துப்போனார். அவருக்கு அங்கேதான் வேலை. லிஃப்டில் பதினான்காவது மாடிக்குப் போனோம். அங்கிருந்து தெரிந்த ‘பனோரமிக் வியூ’வில் மெய்ம்மறந்து நின்றேன். ‘ஸ்கைலைன்’ என்ற சொல் மூன்று இடத்தில் வந்தாக வேண்டும்.

வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினோம். நான் சென்னைக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய. எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்தேனா என்பதே சந்தேகம்.

ஜூன் 6, வெள்ளி

வீட்டில் யாராவது எதிரே உட்கார்ந்து நேரம் பார்க்க வேண்டும் என்பது சார் உத்தரவு. அத்தைக்கு சீரியல் இருக்கிறது. வேறு வழியில்லாமல் இவரைக் கேட்டேன். கடையிலிருந்து வந்தவர் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார். நகக்கண்ணெல்லாம் நீல பெயிண்ட். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார். எக்ஸாமினர் என்றால் முறைப்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பேசி முடித்தேன். “நல்லாருக்கு,” என்றார். “ஆனா எந்தச் சித்தப்பா?”

“எந்தச் சித்தப்பான்னா?”

“அங்கிள்னு சொன்னியே. உங்கப்பாதான் ஒத்தப் புள்ளையாச்சே. கல்யாணத்துல ஒரு சித்தப்பாவையும் காணுமே.”

பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆங்கிலத்தில் ஒன்றும் புரியாது என்று நினைத்திருந்தேன். சித்தப்பா வெறும் கற்பனை என்று விளக்கினேன். இவர் முகம் வாடிவிட்டது. நல்ல சொந்தம் ஒன்று கிடைத்துக் கைநழுவிப் போன மாதிரி.

“சரி, பேரு என்னா அவருக்கு?”

“பேரெல்லாம் கிடையாதுங்க.”

“பேரே இல்லாத ஆளு கூட்டிட்டுப் போனாருன்னா எவன் நம்புவான்? சுந்தரேசன்னு வச்சுக்க.”

வைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டதோ என்று நினைத்தேன். மத்தியானம் இவரைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“எல்.ஐ.சி.ல பெரிய வேலைல இருக்குற சித்தப்பாவை இத்தினி நாளு மறைச்சு வச்சிருக்காங்க. அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வச்சாங்களா, இல்லியா? வச்சா ஏன் வரல? எதும் பகையா? நாளைக்கு நம்ம வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா அந்த மனுஷன் வந்து நிப்பாரா, மாட்டாரா?”

நாங்கள் பயிற்சி செய்வதை அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறார். ‘அங்கிள்’, ‘எல்.ஐ.சி.’, ‘சுந்தரேசன்’. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பப் பகையையே எழுப்பிவிட்டார்.

இவர் துளிகூடச் சிரிக்காமல் சொன்னார், “அவரு தங்கமான மனுஷம்மா. பொண்டாட்டிதான் எங்கயும் அனுப்ப மாட்டேங்குதாம்.”

நான் அடுப்படிக்குள் போய்த் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் இப்படிச் சிரித்தது இதுதான் முதல் தடவை. இவருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டோம். நம்பவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒரே அட்டையைப் பேசிப் பேசி நாக்கு தடித்துவிட்டது என்று வேறு அட்டைகளும் எடுக்கிறோம். ஒரு புது விதி போட்டிருக்கிறேன். நான் ஆங்கிலத்தில் சொன்ன பிறகு அதே கேள்விக்கு இவர் தமிழில் பதில் சொல்ல வேண்டும். எதிராளி சும்மா உட்கார்ந்திருந்தால் பேசுகிறவருக்குத் தூக்கம் வரும். அதற்காகத்தான்.

இன்றைய அட்டை, ‘இன்னொருவருக்காக நீங்கள் செய்த ஒரு பொருள்.’ நான் அக்கா குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டரைப் பற்றிப் பேசினேன். (அக்கா கிடையாது. ஸ்வெட்டரும் கிடையாது. பட்டுக்கோட்டையில் ஸ்வெட்டர் எதற்கு?) பிறகு இவர் முறை.

ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். “இந்த ரூம் செவுரு,” என்றார்.

“செவுருக்கு என்ன?”

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீ கட்டியிருந்தியே, அந்தப் பொடவ கலரு. கடை மெஷின்ல கலந்து கலந்து பாத்தேன். ஞாபகத்துலயே கலந்ததா, சரியா வரல. ஆறு டப்பா வீணாப்போச்சு. கல்யாணத்துக்கு முந்தின நாளு நானே அடிச்சேன்.”

அன்று நான் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள். சுவர் கடுகரைத்த நிறம். வந்த முதல் வாரமே, இந்தச் சுவரைப் பார்த்தால் எங்கள் வார்டில் குழந்தைகளுக்கு வயிறு சரியில்லாத நாள் ஞாபகம் வருகிறது என்று இவரிடமே சொல்லியிருக்கிறேன்.

சுவர் அவ்வளவு மோசமில்லை. டியூப்லைட்டை மாற்றினால் சரியாகிவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

“பாக்காத கட்டடத்தப் பத்தி எத்தினி நாளைக்குப் பேசுவே?” என்று கேட்டு, பைக்கில் தஞ்சாவூருக்கே கூட்டிப் போய்விட்டார். புதிதாகக் கட்டி முடித்த எட்டு மாடி அடுக்ககம். இவர் கடையிலிருந்து பெயிண்ட் போனதால் வாட்ச்மேன் உள்ளே விட்டார். லிஃப்ட் இன்னும் பிளாஸ்டிக் சுற்றிய புது மணப்பெண்ணாக நின்றது. படியேறினோம்.

மொட்டைமாடிக்கு நான் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். முகம் பிரைமர் அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது.

“பெயிண்ட் கடைக்காரருக்கு ஒசரம் ஆகாதா?”

“நான் விக்கிறவன். அடிக்கிறவன் இல்ல.”

அங்கே நின்றபடியே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். நான் கைப்பிடிச் சுவரோரம், இவர் கதவோரம். நடுவில் காற்று. கத்திக் கத்தித்தான் பரீட்சை நடத்தினோம். “உயரமான கட்டடங்களில் வாழ மக்கள் ஏன் விரும்புகிறார்கள்?” என்ற கேள்வியை எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் படித்தார். காற்று, வெளிச்சம், கொசு இல்லை என்றெல்லாம் கத்தினேன். “எதிர்காலத்தில் இவை அதிகமாகுமா?” ஆகும் என்றேன். “ஆச்சுன்னா நல்லது. எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெயிண்டு நல்லாப் போவும்,” என்று தமிழில் கத்தினார்.

சித்தப்பா இல்லாமல், கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிக்கொண்டே போனேன். தென்னந்தோப்பு, ரயில், யாரோ ஒருவர் மாடியில் வடகத்துக்குக் காவலாகக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நேரம் முடிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

இறங்குவதற்கு முன்பு, கேட்டுவிடலாம் என்று கேட்டேன். “அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப வேற கேள்வியே கெடைக்கலியா உங்களுக்கு?”

“அம்மா அத மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நான் வேற ரெண்டு கேள்வி யோசிச்சு வச்சிருந்தேன். ஒன்னயப் பாத்ததும் மறந்துபோச்சு.”

என்ன கேள்வி என்றால் சொல்லமாட்டேன் என்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். இவருக்குத் தலை சுற்றக்கூடாதே என்ற பாதுகாப்புக்காக. தரைத்தளம் வந்த பிறகும் விடவில்லை, வாட்ச்மேன் பார்த்துச் சிரித்ததும்தான் விட்டோம்.

ஜூன் 16, திங்கள்

வார்டில் ஏன் தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தலைமை சிஸ்டர் கேட்டார். தசைப்பிடிப்பு என்றேன்.

ஜூன் 19, வியாழன்

பர்வீன் நேற்று திருச்சியில் தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அதே அட்டை. அதே சித்தப்பா.

“கேள்வி கேக்குறவரு முகத்தப் பாக்கணுமேடி. அங்கிள்னு நான் வாயத் தொறந்ததும் ஒரு பெருமூச்சு. பதினாலுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே தலையாட்டுறாரு. எத்தினி பேரு அந்த லிஃப்டுல ஏறுனாங்களோ!”

மனப்பாடம் என்று தெரிந்தால் மதிப்பெண் போய்விடும். வகுப்பே ஆடிப்போனது. சார் மட்டும் அசரவில்லை. கரும்பலகையில் ‘அங்கிள்’ என்பதை அழித்துவிட்டு ‘ஆன்ட்டி’ என்று எழுதினார். “இனிமே அத்தை கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவுதான், பிரச்சினை முடிஞ்சுது.”

வீட்டில் வந்து சொன்னேன். “அப்ப சுந்தரேசனோட வேலை?” என்று இவர் கவலைப்பட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர் ஷீபா அக்கா. லீட்ஸில் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறார். நான் வந்தால் தங்கப்போகும் கட்டடத்தை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். அவருடைய வீட்டிலேயே எனக்கும் ஓர் அறை. பதினோராவது மாடி. சாம்பல் நிறக் கட்டடம், சாம்பல் நிற வானம். அறை ஜன்னல் பாதிதான் திறக்கும்.

அத்தை அதை வாங்கிப் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாருக்கும் காட்டினார். “பதினோரு மாடி! எம் மருமவ இருக்கப்போற எடம்!” என்று சொல்லும்போது குரலே மாறிவிட்டது. பாவம், சந்தோஷத்தில்தான்.

இவர் மூன்று தடவை பார்த்தார். “நல்லாருக்கு,” என்றார். பிறகு கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

ஜூன் 25, புதன்

இரண்டு நாளாகப் பயிற்சிக்கு இவர் வரவில்லை. சரக்கு இறங்குகிறதாம். இன்று வந்தார். முறைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே முறைத்த மாதிரி இருந்தது. ‘ஆன்ட்டி’யோடு லிஃப்டில் ஏறி இறங்கினேன். தன் முறை வந்ததும், எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுந்துவிட்டார்.

“ஏழு வாங்கிடுவே,” என்றார். “வாங்கணும்.”

கடையில் பாக்கி கேட்கிற குரல். மாடி அவசரம் போலிருக்கிறது. எனக்கொன்றும் வருத்தமில்லை. கண்ணில் நீர் வந்தது உண்மைதான், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தார்கள்.

ஜூன் 27, வெள்ளி

துணி துவைத்தேன். பேனா வாங்கினேன். பென்சில்தான் வேண்டுமாம், அதுவும் அவர்களே தருவார்களாம்.

ஜூன் 28, சனி

திருச்சி. இவரும் பஸ்ஸில் கூட வந்தார். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், வாசலில் மட்டும், “பதறாமப் பேசு,” என்றார்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். முறைக்கவே இல்லை. என் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார், சொன்னேன். அட்டையைத் திருப்பி வைத்தார். அதே அட்டை.

“என் பத்து வயதில், என் அத்தை...” என்று ஆரம்பித்தேன். அவர் கொட்டாவியை வாயை மூடி அடக்கினார். மரியாதைக்காரர், கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் நின்றுவிட்டது. என் பின்னால் அந்த லிஃப்டில் எத்தனை நர்ஸுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தோன்றியது. மன்னிக்க வேண்டும், எனக்கு அப்படி ஓர் அத்தையே இல்லை என்றேன். எனக்குப் பிடிக்காத ஒரு கட்டடம் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என்ன பேசினேன் என்பது வரிசையாக ஞாபகமில்லை. இவ்வளவுதான் நினைவிருக்கிறது:

அந்தக் கட்டடம் உங்கள் நாட்டில் இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை, ஆனால் இப்போதே பிடிக்கவில்லை. பதினோராவது மாடியில் எனக்கு ஓர் அறை. எங்கள் தெருவில் யாருக்காவது என்னிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதினோராவது மாடிக்கு யார் குரலும் ஏறாது. எங்கள் வீட்டில் கீழ்த்தளம் மட்டும்தான். நான் அங்கே பதினோராவது மாடியில் தனியாக இருந்தால்தான் இங்கே முதல் மாடி வரும். எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். ஒன்பது மாதமாக அவரோடு இருக்கிறேன், மூன்று வாரமாகத்தான் அவரைத் தெரியும். உங்கள் தேர்வுதான் அவரை எனக்கு அறிமுகம் செய்தது. அவர் அறிமுகமான நேரத்தில் அந்தக் கட்டடம் என்னைக் கூப்பிடுகிறது. அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது என்று அவர் கை காட்டிய பிறகும் இரண்டு வாக்கியம் பேசினேன். ஒரு ‘ஸ்கைலைன்’கூட வரவில்லை.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவருக்கு இது தெரியுமா?”

தெரியாது என்றேன்.

வெளியே இவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். “எப்புடி?” என்றார். “அட்டை அதேதான்,” என்றேன். “யாரு கூட்டிட்டுப் போனா?” “யாருமில்ல.” திரும்பும்போது பஸ்ஸில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கினால் இவர் வாய் லேசாகத் திறந்திருக்கும். திறக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்றும் இல்லை. இட்லி.

ஜூலை 4, வெள்ளி

மதிப்பெண் வந்துவிட்டது. பேச்சு, ஏழரை.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். “ஏழரையா? போயும் போயும் அந்த நம்பரா? அரைய எடுத்துட்டு ஏழுன்னு தரச் சொல்ல முடியாதா?” சனி வேறு, மதிப்பெண் வேறு என்று சமாதானம் செய்யக் கால்மணி நேரம் ஆனது. பிறகு நெற்றியில் விபூதி பூசிவிட்டு, ஜாங்கிரி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். மேஸ்திரிக்கும் போன் போய்விட்டது.

இவர், “ரொம்ப சந்தோஷம்,” என்றார். நோயாளி இறந்ததை வீட்டாரிடம் சொல்லும்போது எங்கள் டாக்டர் வைத்துக்கொள்கிற முகத்தோடு சொன்னார். ஜாங்கிரியைத் தொடாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்ததும் எதிரே உட்காரச் சொன்னேன். அட்டையைக் கையில் கொடுத்தேன்.

“அதான் பாஸாயிட்டியே. இப்ப எதுக்கு?”

“அன்னைக்கு என்ன பேசினேன்னு கேக்கவே இல்லியே நீங்க.”

ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பதினோராவது மாடி, பாதி திறக்கும் ஜன்னல், ஏறாத குரல், வீட்டில் இருக்கும் அந்த ஒருவர், அந்த மூன்று வாரம். அந்த வெள்ளைக்காரருக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். தடங்கலே இல்லாமல் வந்தது. இவர் அட்டையைப் பார்த்தபடியே குனிந்திருந்தார். முடித்த பிறகும் நிமிரவில்லை.

“தமிழ்ல சொல்லு,” என்றார்.

“புரியலியா?”

“புரிஞ்சுது. அதான் தமிழ்ல கேக்குறேன்.”

அந்நிய மொழியில் ஏழரை வாங்கியவளுக்குத் தாய்மொழியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. “எனக்கு...” என்றேன். “அது வந்து...” என்றேன். துப்பட்டா நுனியை முறுக்கினேன். சார் பார்த்திருந்தால் நாலுகூடப் போட்டிருக்க மாட்டார்.

“எனக்கு ஒங்களப் புடிச்சுப்போச்சுங்க,” என்றேன் கடைசியில். “ஒங்கள விட்டுட்டுப் போவ முடியல.”

இவர் அழுதார். பெயிண்ட் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார்.

“நீ உள்ள போனதும் நான் எதுத்தாப்புல இருந்த புள்ளையாரு கோயிலுக்குப் போனேன். இவளுக்கு இந்தத் தடவையும் ஆறரையே விழணும்னு வேண்டிக்கிட்டேன். தேங்காகூட ஒடைச்சேன். வெளியில வந்ததும் வெக்கமாப்போச்சு. அதான் ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. மன்னிச்சுக்க இலக்கியா.”

நான் எவ்வளவு நேரம் சிரித்தேன், எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை. அத்தை கதவைத் தட்டும்வரை இரண்டும் நடந்தது.

இவரே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். “அம்மா, நானும் கூடப் போறேன். கடைய அக்கா வீட்டு மச்சான் பாத்துக்கட்டும்.”

அத்தை நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். “அப்ப மாடி?”

“மாடி மெதுவா வரட்டும்.”

“கம்பியெல்லாம் துருப்புடிச்சுப் போவுமேடா!”

“ரெட் ஆக்சைடு அடிச்சு வச்சுட்டுப் போறேன்.”

அத்தை இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இவர் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் நானே கவனித்தேன். “போங்க, ரெண்டு பேருமே போங்க,” என்றார். “ஒங்க இங்கிலீசு தொந்தரவு இல்லாம நான் சீரியலாச்சும் நிம்மதியாப் பாப்பேன்.” டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். விளம்பரம் ஓடும்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாளை காலையில் இவருடைய அக்காவைக் கூப்பிட்டு, இங்கேயே வந்து இருக்கச் சொல்லிப் பேச வேண்டும். அத்தையைத் தனியாக விடுவதாக இல்லை.

லீட்ஸுக்கு இப்போதுதான் பதில் அனுப்பினேன். வருகிறேன், கணவரோடு வருகிறேன், இருவருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள் என்று. அனுப்பும் முன் இவரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். ‘கணவரோடு’ என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

சார், அத்தை, பர்வீன், ஷீபா அக்கா, தெருவில் பாதிப் பேர், எல்லாரும் எனக்கு ஏழு கிடைக்க வேண்டிக்கொண்டார்கள். ஆறரை கிடைக்க வேண்டிக்கொண்டவர் இவர் ஒருவர்தான். இவரை எப்படி விட்டுவிட்டுப் போவேன்?